சினமும் யாமும்

நமது கல்லூரியிலே பயின்ற காலத்து, திருக்குறளின் முப்பத்தோராம் அதிகாரமாகிய வெகுளாமையை மனனஞ்செய்து ஒப்புவித்து யாம் பரிசு பெற்றதுண்டு. எமது குடும்பம் கிறித்தவக் குடும்பம். கோப்பித் தோட்டத் தொழிலாளரிடையே 1854இல் தொடங்கிய, பெயரிலேயே 'கூலி' என்னும் சொல்லைச் சுமந்த, தமிழ்க் கூலி மிஷன் வழியாகச் சமயந் தழுவியோர் எம் முன்னோர். எனினும் இந்துக் கல்லூரி எம்மை வேற்றுப் பிள்ளையாக ஒருநாளும் நடத்தவில்லை. ஆறுமுக நாவலர் பெருமான் பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்திற்கு உதவிய செய்தியை எமக்கு முதன்முதற் சொன்னவரும் அங்கிருந்த சைவத் தமிழாசான் ஒருவரே. ஆகவே இம்மலரிலே எமது சமய வாழ்வு பற்றிச் சில சொல்வதனை நண்பர்கள் தவறாகக் கொள்ளார் என நம்புகின்றோம்.

எமக்கு இயல்பிலேயே சினம் மிகுதி. ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்து, சான்றிதழுடன் நோர்வூட்டுக்குத் திரும்பி, தோட்டத்துப் பிள்ளைகள் பயிலும் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பிக்கலானபோது அச்சினமும் எம்முடன் வகுப்பறைக்குள் வந்தது. உளவியல் கற்றிருந்தோம். உடற்றண்டனையைத் தடைசெய்யும் கல்வியமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கையையும் அறிந்திருந்தோம். அறிந்தும் மேசையிற் பிரம்பு கிடந்தது. வெறும் அச்சுறுத்தலுக்கே என எமக்கு யாமே சமாதானஞ் சொல்லிக்கொண்டோம்.

ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், ஆடி மாதத்து மழை நாளொன்று, வெள்ளிக்கிழமை. யாம் வகுப்பினுள் நுழைந்தபோது ஒன்பதாந் தர மாணவன் ஒருவன் கரும்பலகைக்கு முன் நின்று, அடிமட்டத்தைப் பிரம்பெனப் பிடித்து, வெகுளாமை அதிகாரத்தை யாம் கற்பிக்கும் பாங்கினை நடித்துக்காட்டிக்கொண்டிருந்தான். ஒரு குறள் சொல்வான், மேசையில் ஓங்கி அடிப்பான், விழியை உருட்டுவான், மீண்டும் ஒரு குறள். வகுப்பு முழுதும் சிரித்தது. அவனது நடிப்பிலே பிழை ஒன்றுமில்லை. அதுவே எம்மைச் சுட்டது போலும். எத்தனை அடி அடித்தோம் என்பது நினைவில்லை. பிரம்பு முறிந்த பின்னரே நிறுத்தினோம் என்பது நினைவிலுண்டு.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தன் சினம் பலிக்கும் இடத்திலே அதனைத் தடுப்பவனே சினங் காப்பவன் என்பது அவ்வதிகாரத்து முதற்குறளின் கருத்து. பலியாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்றும் வள்ளுவர் அங்கே வினவுகின்றார். அதிபர் முன்னும் கல்வி அதிகாரிகள் முன்னும் எமது சினம் ஒருநாளும் தலைகாட்டியதில்லை. லயத்துப் பிள்ளையின் முதுகிலேதான் அது பலித்தது. ஆண்டுதோறும் கற்பித்த குறள் அன்றுதான் எமக்கு விளங்கிற்று. விளங்கியும் நெஞ்சு இளகவில்லை. அவனும் குற்றஞ் செய்தவன்தானே என்று வாதாடிற்று.

ஞாயிறன்று ஆலயத்திலே திருவிருந்து ஆராதனை. பீடத்தண்டை காணிக்கை கொண்டுவந்த ஒருவன், தன்மேல் தன் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகி வரவேண்டுமென இயேசு பெருமான் மலைப்பொழிவிலே கூறியுள்ளதனை யாம் சிறுவயது முதலே அறிவோம். குற்றம் எவர் பக்கம் என்னும் விசாரணை அவ்விடத்தில் இல்லவே இல்லை என்பது அன்றைக்கே எம் கண்ணிற் பட்டது. 'ஆண்டவரே, இது எம்மாலாகாது' என்று உள்ளத்தே முறையிட்டோம். முறையிட்டபடியே எழுந்து வெளியே நடந்தோம்.

கெசல்கமு ஓயா கலங்கிப் பெருகி ஓடிற்று. தேயிலை மலையூடே செங்குத்தான பாதையில் ஏறி லயத்தை அடைந்தபோது முழுவதும் நனைந்துவிட்டோம். பையன் இஸ்தோப்பிலே குந்தியிருந்தான். எம்மைக் கண்ட அவன் தாய், "என்ன செஞ்சான் சேர்?" என்று கேட்டவாறே விறகுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு அவன்மேற் பாய்ந்தார். யாம் குறுக்கே புகுந்து தடுத்தோம். "அடிக்காதீங்கம்மா. தப்பு என்னோடது. மன்னிப்புக் கேட்க வந்தேன்" என்றோம். யாம் அவரைக் கேலி செய்கின்றோம் என்றே அவ்வம்மையார் முதலில் எண்ணியிருத்தல் வேண்டும். கட்டையைக் கீழே போடவில்லை. பையனிடமும் அவ்வாறே சொன்னோம். அவன் தரையைப் பார்த்தபடி இருந்தான். மறுமொழி கூறவில்லை. தாய் தந்த சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பியபோது ஆராதனை முடிந்து ஆலயக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தனர். அன்று எமக்குத் திருவிருந்து இல்லை.

அத்தவணை முழுவதும் அவன் எம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய கடமையும் அவனுக்கில்லை. பின்னர் சாதாரண தரப் பரீட்சை எழுதிக் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். எம்மை மன்னித்தானோ, அறியோம்.

பிரம்பின்றிப் பாடம் வருமோ எனச் சக ஆசிரியர் சிலர் வினவுவதுண்டு. பிரம்பாலும் சிலவேளை வரும். மோசே சினந்து கன்மலையை இருமுறை கோலால் அடித்தபோதும் தண்ணீர் வரத்தான் செய்தது. கானானுள் புகும் பேறுதான் அவருக்கு இல்லாமற் போயிற்று.

எமது சினம் ஒழிந்துவிட்டதென நண்பர்கள் எண்ணற்க. இன்றும் அது எழும். எழும்போது அந்த மலைப்பாதையும் கூடவே நினைவுக்கு வரும். திரும்பவும் ஏறிச்சென்று கேட்கவேண்டுமே என எண்ணும்போது கை தாழும். வகுப்புக்குள் நுழையுமுன், எம் கடனை மன்னிக்க வேண்டும் அந்தப் பழைய செபத்தை ஒருமுறை சொல்லிக்கொள்கின்றோம். நாவை அடக்குவது இன்னும் கைகூடவில்லை. சென்ற தவணையிலே சக ஆசிரியர் ஒருவரைக் கடுஞ்சொற் கூறிவிட்டு, பொழுது சாயுமுன் அவர் வீட்டுப் படியேறினோம். அவர் வெளியே போயிருந்தார். மறுநாட் காலையிலும் போனோம்.