மதுரையில் விட்ட பாடம்

வேலூரில் நாம் ஓதிக்கொண்டிருந்த நாளில், ஃபிக்ஹுக் கிதாபில் காலுறை மீது மஸ்ஹுச் செய்யும் பாடம் வந்தது. ஒளூச் செய்த பின் ‘குஃப்பு’ என்னும் தோலுறையை அணிந்துகொண்டவர், அடுத்த ஒளூவில் அதைக் கழற்றிக் கால் கழுவ வேண்டியதில்லை. ஈரக்கையால் உறையின் மேற்புறத்தைத் தடவிக்கொண்டால் போதும். ஊரில் இருப்பவருக்கு ஓர் இரவும் பகலும் இச்சலுகை உண்டு; பயணிக்கு மூன்று இரவும் பகலும். உறை கிழிந்திருந்தால் எவ்வளவு கிழிசல் வரை கூடும் என்பதையும் கால்விரல்களைக் கொண்டு அளந்து சொல்லியிருப்பார்கள். சித்திரை வெயில் கூரையைப் பிளக்க, வெற்றுக் காலைச் சம்மணமிட்டு அமர்ந்து நாம் அதை மனனம் செய்தோம். அந்த உறையைக் கண்ணால் கண்டவர் வகுப்பில் ஒருவருமில்லை.

பின்னர் மதுரைக்கு வந்து நாமே பாடம் சொல்லத் தொடங்கினோம். பதினெட்டு ஆண்டுகள். ஒவ்வோராண்டும் அப்பாடம் வரும். ஒவ்வோராண்டும் அரை மணியில் அதைக் கடந்து போவோம். “இது குளிர் நாட்டாருக்கு உரியது. சொற்பொருளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்” என்போம். வைகையில் நீர் இருக்கும் நாளிலும் இல்லாத நாளிலும், காஜிமார் தெருவில் நடந்து வருபவனுக்கு ஹவுளில் காலை விடுவதைப் போன்ற சுகம் வேறுண்டா? அதை விட்டு உறையைத் தடவிக்கொண்டிருப்பவன் யார்? இப்படித்தான் நினைத்திருந்தோம்.

2010-ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டன் மாநகரின் கிழக்கே ஈஸ்ட் ஹாம் பகுதிக்குச் சென்றோம். அங்கே தமிழ்க் கடைகளும், முருங்கைக்காயும், கறிவேப்பிலையும், நம்மூர்ப் பேச்சும் உண்டு. தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் சில சேர்ந்து, தம் பிள்ளைகளுக்குக் குர்ஆனும் தமிழும் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். நம் மூத்த மகளின் திருமணக் கடன் நம்மை ஒப்புக்கொள்ள வைத்தது. மார்க்கப் பணிக்காகவே கடல் கடந்தோம் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது முழு உண்மையாகாது.

சென்ற இரண்டாம் மாதம் டிசம்பர். பிரிட்டனில் 1910-இலிருந்து வைத்துவரும் கணக்கில் அதைவிடக் குளிர்ந்த டிசம்பர் இல்லை என்று பிறகு சொன்னார்கள். நமக்கோ ஒப்பிட்டுப் பார்க்க மார்கழிப் பனி ஒன்றுதான் தெரியும். கதவைத் திறந்தால் காற்று முகத்தில் அறைந்தது. துவைத்துப் போட்ட கைலி கொல்லைக் கொடியில் பலகைபோல் விறைத்து நின்றது. பனி மூடிய தெருவில் நடப்பதற்கே ஒரு நடை கற்க வேண்டியிருந்தது; கற்குமுன் இருமுறை விழுந்தோம். சுபுஹுத் தொழுது, குர்ஆன் ஓதி, கஞ்சி வைத்துக் குடித்த பிறகும் வெளியே இருள். காலை எட்டு மணிக்குப் பொழுது விடியும். மாலை நான்கு மணிக்குள் மஃக்ரிபு. லுஹர், அசர், மஃக்ரிபு, இஷா நான்கும் நண்பகலுக்கும் மாலை ஆறுக்கும் இடையில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். மதுரையில் ஆண்டின் நெடிய பகலுக்கும் குறும்பகலுக்கும் உள்ள வேற்றுமை ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல். லண்டனில் அது ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். தொழுகை நேரங்களை மனத்தில் பதித்து வைத்திருந்த நமக்கு, ஒவ்வொரு வாரமும் அட்டவணையைப் பார்த்தாலன்றி ஒன்றும் விளங்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கு மாலை ஐந்து முதல் ஏழு வரை மத்ரஸா. வகுப்பில் கால் வைக்குமுன், குற்றப் பின்னணி ஏதும் இல்லை என்று அரசாங்கத்தின் சான்று பெற வேண்டியிருந்தது. முதலில் அது நமக்கு அவமானமாகப் பட்டது. பிள்ளைகளை ஒருவர் பொறுப்பில் விடுவதற்கு அதுவன்றோ முறை என்று பிறகு தோன்றியது. பிரம்பு அங்கே இல்லை. பிரம்பில்லாமல் பாடம் நடக்குமா என்று அஞ்சினோம், நடந்தது. மதுரையில் நம் கையால் அடிபட்ட சில முகங்கள் அந்த அறையில் நம் நினைவுக்கு வந்ததுண்டு. அதை இங்கே விரித்து எழுத மனம் இடந்தரவில்லை.

பனி பெய்த ஒரு மாலையில், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஒளூச் செய்யப் போனவன் அழுதுகொண்டு வந்தான். வெந்நீர்க் குழாய் பழுதாகியிருந்தது. தண்ணீரில் நனைத்த அவன் பாதங்கள் சிவந்து நடுங்கின. கம்பளித் துண்டால் துடைத்துவிட்டோம். பக்கத்தில் நின்ற அவன் அக்காள் கேட்டாள்: “உஸ்தாத், தினமும் நனைச்சுத்தான் ஆகணுமா? வேற வழியே கிடையாதா?”

வழி இருக்கிறது என்று நாவு சொல்லவந்தது. ஆனால் அதன் நிபந்தனைகளைக் கேட்டால் வரிசையாகச் சொல்ல முடியுமா என்று ஐயமாக இருந்தது. அன்றிரவு பெட்டியைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுபோன பழைய கிதாபை எடுத்தோம். அரை மணியில் தாண்டிப்போன அந்தப் பக்கங்களை விடியும்வரை ஓதினோம். மறுநாள் குஜராத்தி சகோதரர் ஒருவரின் கடையில் ஒரு ஜோடி தோலுறை வாங்கி, வகுப்பின் நடுவே வைத்தோம். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகும் மெல்லிய காலுறைக்கு இச்சலுகை இல்லை, தோலுக்கு ஏன் உண்டு, எப்போது கழற்ற வேண்டும் என்று ஒரு வாரம் அந்தப் பாடமே நடந்தது. பிள்ளைகள் கேட்ட கேள்விகள் அனைத்தும் கிதாபில் முன்னமே இருந்தன. யாரோ ஒருவருடைய குளிர்ந்த பாதங்களுக்காகவே அவை எழுதப்பட்டிருந்தன.

முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அறிவிக்கும் செய்தியும் அப்போதுதான் நமக்குப் புதிதாய்த் தெரிந்தது. தபூக் பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் இறுக்கமான கையுடைய அங்கி அணிந்திருந்தார்கள். ஒளூவுக்காகக் கையை மேலே சுருட்ட முடியாமல், அங்கிக்குக் கீழே வழியாகக் கைகளை வெளியே எடுத்தார்கள். காலுறையைக் கழற்ற முகீரா குனிந்தபோது, தூய்மையான நிலையில்தான் அணிந்தேன், விட்டுவிடும் என்றார்கள். எத்தனை முறை இதைப் பாடம் சொல்லியிருக்கிறோம்! கனத்த மேலங்கியோடு முகம் கழுவும் தொட்டிமுன் நின்று, சுருட்டவும் முடியாமல் கழற்றவும் மனமில்லாமல் தவித்தபோதுதான் அந்த அங்கியின் கை நமக்குக் கண்ணில் தெரிந்தது. ‘குறைஷ்’ அத்தியாயத்தில் வரும் குளிர்காலப் பயணமும் அப்படியே. மதுரைப் பிள்ளைகளுக்குக் குளிர்காலம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். இங்கோ பிள்ளைகள் நமக்குச் சொன்னார்கள்.

நமக்கு முன் இத்துன்பத்தைப் பட்டவர் பலர். மொராக்கோ நாட்டு இப்னு பதூதா 1330-களில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வோல்கா நதிப் பக்கம் திரும்பியபோது, மூன்று மயிர்த்தோல் அங்கிகளும் இரண்டு கால்சட்டைகளும், காலில் ஒன்றன்மேல் ஒன்றாக உறைகளும் அணிந்திருந்தார். நெருப்பருகே வெந்நீரில் ஒளூச் செய்தாலும் துளிகள் உடனே உறைந்தன. தாடியில் வழிந்த நீர் பனிக்கட்டியாகி, உதறினால் உதிர்ந்தது. உடையின் பாரத்தால் தாமாகக் குதிரையேற முடியாமல், தோழர்கள் தூக்கி ஏற்றினார்களாம். அதே மனிதர் 1340-களில் நம் மதுரைக்கு வந்தார். மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அவருக்கு மாமனார் முறை. ஆகவே அவரை மதுரை மாப்பிள்ளை என்று சொன்னாலும் தவறில்லை! ஊரிலே கொள்ளைநோய். அவரும் காய்ச்சலில் விழுந்து, இனிப் பிழைப்பதில்லை என்று எண்ணி, புளியைக் கரைத்துக் குடித்துத் தேறினார். தேறியதும் இந்த ஊரே வேண்டாமென்று விடைபெற்றார். குளிரில் பிழைத்தவரை வீழ்த்தப் பார்த்தது நமது ஊர் என்பதில் நமக்குக் கொஞ்சம் வெட்கமுண்டு.

அவருக்கும் நானூறு ஆண்டுகளுக்கு முன், 921-இல் பக்தாதிலிருந்து புறப்பட்டார் இப்னு ஃபள்லான். வோல்காக் கரைப் புல்கார் மன்னர், தம் மக்களுக்கு மார்க்கம் கற்பிக்க ஆள் வேண்டுமென்று கலீஃபாவுக்கு எழுதியிருந்தார். குவாரஸ்மில் குளிர்காலம் கழிந்தது. குளித்து வந்தவரின் தாடி ஒரே கட்டியாய் உறைந்தது. பயணம் தொடர வேண்டிய நாளில், உடன் வந்த சட்ட அறிஞரும் ஆசிரியரும் அந்நாட்டை நினைத்து அஞ்சி அங்கேயே நின்றுவிட்டனர். நின்றுபோன அந்த ஆசிரியரின் பெயரைக்கூட இப்னு ஃபள்லான் எழுதவில்லை. ஆனாலும் அவர்மேல் நமக்குத் தனியொரு பரிவு. 2010 டிசம்பரில் நாமும் விமானச் சீட்டின் விலையை விசாரித்தவர்தாமே.

922 மே மாதம் இப்னு ஃபள்லான் புல்காரை அடைந்தார். ஒரு மாலை, பக்தாதுத் தையற்காரர் ஒருவருடன் கூடாரத்தில் பேசிக்கொண்டு இஷா பாங்குக்குக் காத்திருந்தார். பாங்கு கேட்டு வெளியே வந்தால், அது சுபுஹு பாங்கு. முஅத்தினைக் கேட்டார், இஷாவை மஃக்ரிபோடு சேர்த்தே தொழுதுவிடுகிறோம், சுபுஹு தவறிவிடுமோ என்று ஒரு மாதமாக நான் உறங்கவில்லை என்றார் அவர். நம் ஹனஃபிக் கிதாபுகளில் புல்கார் மக்களுடைய இஷா என்று ஒரு தனி மஸ்அலாவே உண்டு. நேரமே வராத தொழுகை கடமையாகுமா? கடமையே என்றார் ஹல்வானி. ஆகாது என்றார் பக்காலி. ஐந்தில் ஒன்றைக் குறைப்பவனைப் பற்றி என்ன சொல்கிறீர் என்று ஹல்வானி ஆளனுப்பிக் கேட்க, முழங்கை வரை கை வெட்டுண்டவனுக்கு ஒளூவின் கடமைகள் எத்தனை என்று பக்காலி திருப்பிக் கேட்டாராம். கழுவ இடமில்லாததால் மூன்று என்று பதில் வந்தது. இதுவும் அப்படியே என்றார். பின்வந்த இப்னுல் ஹுமாம் இதை ஏற்கவில்லை. தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டுபோல் நீளும்போது நேரத்தைக் கணித்துத் தொழுங்கள் என்ற நபிமொழியைக் காட்டிக் கடமையே என்றார். மதுரையில் இந்த வாதம் நமக்குச் சொற்சிலம்பமாகத் தோன்றியது. லண்டனில் ஜூன் மாதம் இரவு முழுவதும் வடவானில் வெளிச்சத்தின் கசிவு மறைவதில்லை. இரண்டு பள்ளிவாசல்களின் அட்டவணைகள் நம் சமையலறைச் சுவரில் தொங்கின. ஸஹர் முடிவில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேறுபாடு.

2015-இல் ரமளான் ஜூன் 18-இல் பிறந்தது. ஆண்டின் மிக நீண்ட பகல்கள். இரவு ஒன்பதே காலுக்கு மேல் நோன்பு திறந்து, நள்ளிரவு கடந்து தராவீஹ் முடித்து, கண் மூடுமுன் ஸஹர். நோன்பு பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல். அப்போது மேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர். நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை நம்மிடம் வந்து, “அஜரத்து, ஊர்ல ஒரு நோன்புகூட விட்டதில்லை. இங்க புடிக்கலாமுல்ல?” என்றார்.

“ஊரில் பிடித்தவருக்கு இங்கென்ன? வெயிலும் இல்லை, தாகமும் இல்லை. தாராளமாகப் பிடியுங்கள்” என்றோம்.

மதுரையில் ஜூன் மாத நோன்பு பதினான்கு மணி நேரம். அதைத்தான் மனத்தில் வைத்துச் சொன்னோம். மருத்துவரைக் கேட்டீர்களா என்று முதலில் கேட்பதுதான் நாம் ஓதிய பாடம். நோயாளிக்குப் பின்னால் நோற்க அனுமதியும், தேறும் நம்பிக்கை இல்லாதவருக்கு ஃபித்யாவும் இருக்கின்றன என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். நாம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. ஒன்பதாம் நோன்பு மாலை ஆறு மணிக்கு அவர் படிக்கட்டில் சாய்ந்துவிட்டார். சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து, அல்லாஹ்வின் அருளால் மீண்டார். பார்க்கப் போன நம்மிடம் அவர், “ஒங்க மேல தப்பில்ல அஜரத்து, எனக்குத்தான் கொடுத்து வைக்கல” என்றார். வாசல்வரை வந்த மகள் மெல்லிய குரலில், “எத்தனை மணி நேரம்னு எண்ணிப் பாத்துச் சொல்லியிருக்கலாமே, ஹஜ்ரத்” என்றார். அதன் பின் அந்த வீட்டுப் பிள்ளைகள் நம்மிடம் ஓத வந்ததில்லை.

2016-இல் ஊர் திரும்பினோம். அந்தப் பெரியவரைத் தேடி மேலூர்ப் பக்கம் போனோம். புளியமரத்தடியில் கட்டிலில் இருந்தார். வீட்டார் டாக்டர் சொல்லை மீறாமல் ஃபித்யா கொடுத்துவருகிறார்கள் என்றார். சொல்லும்போது அவர் முகம் தாழ்ந்தது. நாம் மன்னிப்புக் கேட்டோம். எதற்கென்று அவருக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. ஒரு படி புளியைக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தார்.

இப்போது மதுரையில் அந்தப் பாடம் வரும்போது, அலமாரியிலிருந்து தோலுறைகளை எடுத்து வகுப்பில் வைக்கிறோம். தோல் வெயிலில் சற்றுச் சுருங்கிவிட்டது. பாடம் ஒரு வாரம் நடக்கிறது. நடத்தி முடிக்க வேண்டிய பகுதிகள் தேங்குகின்றன என்று நிருவாகத்தாருக்குக் குறைதான். சென்ற சித்திரையில் மாணவன் ஒருவன் ஒளூச் செய்துவிட்டு வந்து, அணிந்து பார்க்க அனுமதி கேட்டான். அணிந்தான், ஈரக்கையால் மேலே தடவிக் காட்டினான், சரியாகவே செய்தான். கழற்ற முயன்றபோது வியர்வையில் உறை காலோடு ஒட்டிக்கொண்டது. மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டு, இரண்டு பேர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.