விளக்கிழந்த கோபுரம்

ஊர் விட்டு ஊர் பெயர்வோர் பெட்டி படுக்கைகளுடன், பிறந்த ஊர் தமக்கு அளித்த மதிப்பும் கூடவே வருமென்று எண்ணுகின்றனர். புதிய நகரமோ அதனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆசிரியத் தொழில் நிமித்தம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் குடிபெயர்ந்த எமக்கு இவ்வுண்மை சில நாட்களிலேயே புலனாயிற்று. ஆயினும், மதிப்பளிக்காத நகரமும் பாடம் புகட்டத் தவறுவதில்லை.

புறக்கோட்டைக்குச் சென்று பாருங்கள். மொத்த வியாபாரக் கடைகள் நெருங்கிய ஒடுங்கிய தெருக்களிலே, மூட்டைகளை மலைபோல் ஏற்றிய கைவண்டிகள் ஊர்ந்து வருகின்றன. முன்னே இழுப்பவரை யாவரும் காண்கின்றனர், வழியும் விடுகின்றனர். பின்னே நின்று தள்ளுபவரின் முகமோ மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்து விடுகின்றது. அவர் கையை எடுத்துவிட்டால் வண்டி நகருமா?

அங்கிருந்து கோட்டைக்கு நடந்தால், சத்தாம் வீதியும் ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்குமிடத்தில் பழைய மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காணலாம். தேசாதிபதி சேர் ஹென்றி வார்டின் துணைவியார் வரைந்த அமைப்பின்படி 1857 ஆம் ஆண்டில் எழுந்தது அது. 1867 முதல் வெளிச்சவீடாகவும் விளங்கிக் கப்பல்களுக்கு வழிகாட்டியது. நாளடைவிற் சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் அதன் ஒளியைக் கடலுக்கு மறைத்தன. ஆதலால் 1952 இல் விளக்குக்கு ஓய்வு கொடுத்தனர். கடலோரத்திலே வேறொரு வெளிச்சவீடு எழுந்தது. பழையதை எவரும் இடித்துத் தள்ளவில்லை. கப்பலுக்கு வழிகாட்ட இயலாவிடினும் தெருவிற் செல்வோருக்கு மணி காட்டலாமன்றோ? மணிக்கூட்டுக் கோபுரமாகவே அது இன்றும் நிற்கின்றது.

அதனைக் காணுந்தோறும் எம் தாயாரின் நினைவே எழுகின்றது. எழுபது வயதைக் கடந்த அவர் எம்முடன் வெள்ளவத்தைக்கு வந்து, நான்காம் மாடியிலே வாழ்கின்றார். ஊரிலே கிணற்றடியும் வாழைப்பாத்தியும் மாட்டுக் கொட்டிலும் அவர் கையை எதிர்பார்த்திருந்தன. இங்கே குழாயைத் திருகினால் தண்ணீர், பால் கடையிலே. “இஞ்சை எனக்கு என்ன அலுவல் இருக்கு, தம்பி?” என்று அவர் கேட்டபோது எமக்கு விடை தோன்றவில்லை.

விடை கீழ்மாடியிலிருந்து வந்தது. அங்கு ஓர் இளம்பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது. அவளுடைய தாயாரோ கடல் கடந்த நாட்டில். கொத்தமல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி சேர்த்துச் சரக்கு அரைக்கும் பக்குவம் அவளுக்குத் தெரியவில்லை. செய்தி கேட்ட எம் தாயார் அன்றே அம்மியை விசாரித்தார். அம்மி கிடைக்காமற் போகவே மின் அரைப்பானுக்கு இணங்கினார். பத்தியக்கறியுடன் படியிறங்கியவர், இப்பொழுது நாள்தோறும் குழந்தையைக் குளிப்பாட்டவும் செல்கின்றார். அந்தக் கேள்வியை நாம் மறுபடி கேட்கவில்லை.

காலிமுகக் கடலோர நடைபாதையை அதே தேசாதிபதி 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்தார். கொழும்புப் பெண்கள், பிள்ளைகளின் நலன் கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லிலும் பொறித்து வைத்தார். முதியோரை அவர் குறிப்பிடவில்லை. அந்தக் குறையை நிரப்புதல் நம் இல்லங்களின் கடமையாகும். நேயர்களே, முதியவர்க்கு உணவும் உறைவிடமும் கொடுத்துவிட்டால் நம் கடன் தீர்ந்ததாகாது. அவர் கைக்கேற்ற அலுவல் ஒன்றையும் விட்டுவைப்போமாக.