குறையை முதல்ல படிடா!

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், செங்கம் சாலை ஓரம் இட்லிக் கடை வைத்திருக்கிறார் அந்த அம்மா. கல்லூரியில் படிக்கும் மகன் பௌர்ணமி இரவுகளில் கல்லாவில் உட்காருவான். அதற்கு அம்மா கொடுத்த பணத்தைச் சேர்த்துவைத்து, 'வெண்பா' என்ற வீடியோ கேம் வாங்க ஆசைப்பட்டான்.

டொரான்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' 2023-ல் வெளியிட்ட கேம் அது. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை. கிழிந்தும் அழிந்தும் போன சமையல் குறிப்புகளை வைத்து இட்லியும் பிரியாணியும் செய்ய வேண்டும். 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் வாங்கியது.

ஆனால், விமர்சனங்களைப் படித்ததும் மகனுக்குக் குழப்பம். கண் கலங்கியதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். ஒன்றரை மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது, கொடுத்த காசுக்குக் கட்டாது என்று சிலர்.

மாவு கரைத்துக்கொண்டே அம்மா கேட்டார்: “பாராட்டை விடு. குறையை முதல்ல படிடா! சாம்பார்ல காரம் கம்மின்னு ஒருத்தர் சொன்னா, காரம் ஆகாதவங்க நம்ம கடையைத் தேடி வருவாங்க. ஊசிப்போச்சுன்னா யாருமே வரக் கூடாது. இது எந்தக் குறை?”

மகன் மறுபடி படித்தான். பாதியில் நின்றுபோகிறது, சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்ற புகார் எதுவும் கண்ணில் படவில்லை. சின்னது என்பதுதான் குறை. செமஸ்டர் நேரத்தில் அவனுக்கு வேண்டியதும் அதுதான். வாங்கிவிட்டான்.

ஞாயிறு மதியம் லேப்டாப்பைத் திறந்தான். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று திரையில் அவன் திணற, பின்னாலிருந்து அம்மாவின் குரல்: “குழிக்கு மேல குழி வரக் கூடாதுடா!” அதன் பிறகு அம்மா எழுந்து போகவே இல்லை. தமிழை விட்டு விலகிப் போகும் கவினைப் பார்த்தபோது மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு மணி நேரத்துக்குள் கதை முடிந்தது.

“அம்மா, வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருந்தா ஸ்டீம்ல பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்!”

“நாலு இட்லியும் சாப்பிட்டு, கை கழுவிட்டு வந்து காசைத் திருப்பிக் கேட்டா நீ கல்லாவுலேருந்து எடுத்துக் கொடுப்பியா?”

மகன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தன் விமர்சனத்தை எழுதினான்: 'சின்ன கேம்தான், சீக்கிரம் முடியும். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆடுங்கள்.'