ஒரு சின்னப் புத்தகம்

குத்துக்கல்வலசையிலிருந்து தென்காசி தபால் ஆபீசுக்குச் சைக்கிளில் போய், தபால்தலை ஒட்டிய பதில் கவரோடு கதை அனுப்பிய காலம் உண்டு. கவர் தவறாமல் திரும்பி வரும். உள்ளே கதையும் இருக்கும். அப்புறம் வேலை, பிள்ளைகள் படிப்பு, கல்யாணம். பேனாவை மூடிவிட்டேன்.

இடைசெவல் கி.ரா. முப்பது வயது தாண்டித்தான் எழுத வந்தார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கும்போது எழுபதை நெருங்கிவிட்டார். எனக்கு இப்போது அறுபத்தெட்டு. விருதெல்லாம் வேண்டாம். சாரல் காலத்துக் கதைகள் பன்னிரண்டு சேர்த்து ஒரு சின்னப் புத்தகம், அவ்வளவுதான். ஏழு முடித்திருக்கிறேன்.

திரும்பி வந்த கவர்களை டிரங்குப் பெட்டியில் இத்தனை வருஷம் பத்திரப்படுத்தியவள் என் வீட்டுக்காரி. அவளுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. அதற்குள் அச்சில் காட்டிவிட வேண்டும். எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகவே போடச் சொல்லுவேன்.