சம்பளம் வேறு, கூலி வேறு

மரக்காணம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் ஒருநாள் 'சாலரி' என்ற சொல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பாத்தி பாத்தியாக உப்பளம். விடுவேனா? லத்தீனில் 'சால்' என்றால் உப்பு, அதிலிருந்து 'சலாரியம்', அதுதான் 'சாலரி' ஆனது. ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பைத்தான் ஊதியமாக அளந்தார்கள் என்று அளந்துவிட்டேன். போதாததற்கு, சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்ததே நம் 'சம்பளம்' என்றும் சேர்த்துக்கொண்டேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "சார், எங்கம்மா உப்பளத்துலதான் வேலை செய்யுது. அதுக்குக் கூலிதான் தர்றாங்க. சம்பளம் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான், உட்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது.

அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் அளத்துப் பக்கம் போனேன். வெயில் ஏறினால் உப்பின் வெள்ளை கண்ணைப் பறிக்கும் என்பதால் இருட்டிலேயே இறங்கிவிடுகிறார்கள். ஆண்கள் பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் குவிக்க, பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மா கூடையை இறக்கிவிட்டு நின்றார். உப்புநீரில் ஊறிய பாதம் முழுக்க வெடிப்பு.

மகள் சொன்னதைக் கேட்டேன். சிரித்தார். "சம்பளம்னா வேலை இல்லாத நாளும் வரும்ல சார்? எங்களுக்கு ஐப்பசி மழை விழுந்தா அளம் முழுகிப்போவும், காசும் நின்னுபோவும். இது கூலிதானே?"

எனக்கு மழைக்கு விடுமுறை விட்டாலும் மாதக் கடைசியில் பணம் வந்துவிடும். இருபது வருடம் வாங்கியும் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு உறைக்கவில்லை. ஆங்கிலத்திலும் 'வேஜ்' வேறு, 'சாலரி' வேறு என்று நானே நடத்தியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். 'சலாரியம்' உப்பிலிருந்து வந்த சொல் என்பது சரி. முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினியும் உப்போடு அதைச் சேர்த்துப் பேசுகிறார். ஆனால் வீரர்களுக்கு உப்பையே ஊதியமாகக் கொடுத்ததற்குப் பழைய ஆதாரம் கிடையாது; அவர்கள் வாங்கியது காசு. என் சம்பா நெல் கதையும் ஆட்டம் கண்டது. கன்னடத்திலும் இதே 'சம்பள'தான். வடமொழியில் 'சம்பல' என்றால் வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு.

திங்கட்கிழமை வகுப்பில், நான் சொன்னது தவறு, அவள் சொன்னதே சரி என்று கரும்பலகையில் இரண்டு சொற்களையும் தனித்தனியே எழுதினேன். அவள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள்.

இப்போது மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அதற்கும் பெயர் நிவாரணம்தான், சம்பளம் இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உப்புக் கதையைச் சொல்லுங்கள், தவறில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தால் மட்டும் உட்காரச் சொல்லாதீர்கள்.