பட்டாணி அளவு

அக்கா மகளை ஸ்கின் டாக்டரிடம் கூட்டிப்போன நாளில் மருந்துச் சீட்டின் பின்பக்கம் கிறுக்கியவை, பிறகு நோட்டில் சேர்ந்தவை. வரிசை கிடையாது.

*

டாக்டர் எடுத்ததுமே கேட்டது, “இதுவரைக்கும் முகத்துல என்னென்ன பூசினே?” டூத்பேஸ்ட். எலுமிச்சைச் சாறு. பாட்டி இழைத்துக் கொடுத்த ஜாதிக்காய். கடைசியில், தயங்கித் தயங்கி, ஹாஸ்டல் தோழி சொல்லி மெடிக்கலில் வாங்கிய ஒரு ட்யூப். அதைப் பூசிய வாரத்திலேயே முகம் பளிச்சென்று ஆகிவிட்டதாம். நிறுத்தினால் சிவந்து எரிகிறது, பரு முன்னைவிட அதிகமாக வருகிறது. அதனால் திரும்பவும் பூசுகிறாள். எட்டு மாதமாக இதே கதை. எனக்கும் அன்றுதான் தெரியும்.

*

ட்யூப்பின் பூர்வீகம்: 1975இல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கலவையை வெளியிட்டார். முகத்தில் படரும் கருமைக்கு, மருத்துவர் பார்வையில் கொஞ்ச காலம் பூச வேண்டியது. நம் ஊர் மருந்துக்கடையில் அதன் பேரப்பிள்ளைகள் சிவப்பழகு க்ரீம் என்ற பெயரில் கை மாறுகின்றன. ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கும், அதனால் பரு அடங்கியது போலத் தெரியும். பூசப் பூசத் தோல் மெலியும், நரம்பு போல ரத்தக்குழாய்கள் தெரியும், பூனைமுடி வளரும், பருவும் வரும். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை, சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் சட்டமாக இருக்கிறது. எங்கள் பெண்ணிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை.

முகப்பருவுக்கு ட்ரெட்டினாயினைக் கொண்டுவந்தவரும் இதே கிளிக்மன்தான். பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் உடம்பில் வருஷக்கணக்காகப் பரிசோதனை நடத்தியவரும் அவரே. நல்ல மருந்துக்கும் சில சமயம் இப்படி ஒரு பிறப்புச் சான்றிதழ்.

*

முதல் மாதம் பருவுக்கென்று மருந்தே எழுதவில்லை. மிதமான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். “இதுக்கா இவ்வளவு ஃபீஸ்?” என்றாள் அக்கா. ஸ்டீராய்டை விட்ட முகம் ஆறாமல் மேற்கொண்டு எதைப் பூசினாலும் எரியும் என்பது அந்த ஃபீஸில் அடக்கம்.

*

அழுக்கால் வருவதல்ல பரு. மயிர்க்காலின் வாயில் செத்த செல்கள் அடைத்துக்கொள்கின்றன, உள்ளே எண்ணெய் தேங்குகிறது, எல்லார் தோலிலும் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா அங்கே பெருகுகிறது, வீங்குகிறது. நாளைக்குப் பத்து தடவை சோப்புப் போட்டாலும் அந்த அடைப்பு நகராது. நெற்றியில் வழியும் தேங்காயெண்ணெய் அடைப்புக்கு உதவும். இதைப் பாட்டியிடம் யார் சொல்வது?

*

அடைப்பைத் திறப்பது அடாப்பலீன் ஜெல். இரவில், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு. ஒவ்வொரு பருவுக்கும் ஒரு பட்டாணி அல்ல, முழு முகத்துக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைப்பதில் பயனில்லை, நாளைக்கு வரப்போகிற பரு இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

மூன்றாவது வாரம் முகம் உரிந்தது, பரு கூடியது. வீடே மருந்துக்கு எதிராகத் திரண்டது. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: இப்படி ஆகும், பன்னிரண்டு வாரம் போகட்டும், அப்புறம் பேசலாம். பெரும்பாலோர் இந்த மூன்றாவது வாரத்தில்தான் டாக்டரை மாற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

*

பென்சாயில் பெராக்சைடு: 2.5 சதவீதம் போதும். 10 சதவீதம் வாங்கினால் எரிச்சல்தான் கூடும். பாக்டீரியா இதற்குப் பழகிக்கொள்வதில்லை, அதுதான் இதன் பெருமை. துணியை வெளுத்துவிடும். என் மாம்பழ மஞ்சள் தலையணை உறையில் இப்போது ஒரு வெள்ளைக் கன்னம்.

*

டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதினால் மூன்று மாதத்துக்கு மேல் நீட்டக் கூடாது, தனியாகவும் கொடுக்கக் கூடாது, கூடவே பூச்சு மருந்தும் வேண்டும். நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வெயில் ஆகாது. ஏப்ரல் மாதச் சென்னையில் இதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது.

*

இரண்டாவது தடவை போனபோது டாக்டர் என்னைப் பார்த்து, “நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா” என்றார். எழுந்து போனேன், உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்தான். ஐசோட்ரெட்டினாயின் பற்றிப் பேசவாம். 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து, கட்டி கட்டியாக வந்து குழி விழவைக்கும் பருவுக்கு இதைப் போல வேறில்லை. எடைக்கேற்ற கணக்கு: கிலோவுக்கு மொத்தம் 120 முதல் 150 மில்லிகிராம். ஐம்பது கிலோ பெண் தினம் 20 மில்லிகிராம் போட்டால் குறைந்தது 300 நாள். உதடு வெடிக்கும், கொழுப்பும் ஈரலும் சரியாக இருக்கின்றனவா என்று ரத்தம் பார்க்க வேண்டும். மருந்து போடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் ரத்த தானம் கூடாது, கருத்தரிக்கவே கூடாது, குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரும். கருத்தரிக்க வாய்ப்பு உண்டா என்ற கேள்வியை நம் வீட்டுப் பெண்ணிடம் சித்தியை உட்காரவைத்துக்கொண்டு கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வருத்தம் போய் மரியாதை வந்தது.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, தாடையில் முடி வளர்கிறதா என்றும் கேட்டாராம். பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால் வைத்தியத்தின் பாதையே வேறு.

*

என் கன்னத்தில் நாலு குழி உண்டு, பதினேழு வயதில் நானே கிள்ளியவை. லேசரும் ஊசியும் குழியின் ஆழத்தைக் குறைக்கும், துடைத்தெடுத்துவிடாது. விலை கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

*

பதினாலாவது வாரம். புதிதாக ஒன்றிரண்டுதான். கருந்தழும்புகள் இருக்கின்றன, அவை போக மாதங்கள் ஆகும். ஐசோட்ரெட்டினாயின் இப்போதைக்குத் தேவையில்லை என்றாகிவிட்டது. ஜெல்லை மட்டும் நிறுத்தக் கூடாதாம்.

*

வீட்டில் ட்யூப் இருந்தால் திருப்பிப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் இவற்றில் ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு, பருவுக்கான மருந்தல்ல. மாதக்கணக்கில் பூசியிருந்தால், நிறுத்தும் விதத்தையும் ஒரு தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.