காற்று காட்டிய வழி

ஈஜிபுராவில் வாழும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர் திரும்புதல் என்பது பெரும்பாலும் ஓரிரவுப் பயணமே. மாலையில் மூட்டை கட்டினால் விடியலில் ஊர் மண்ணை மிதித்துவிடலாம். ஆகவே, நாற்பத்துநான்கு நாள்கள் ஊர் திரும்பிக்கொண்டே இருப்பது எத்தகையது என்று 2025ஆம் ஆண்டுக் கோடை வரும்வரை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் துறைமுகத்திலிருந்து ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகு கோவாவை நோக்கிப் புறப்பட்டது. நம் கடற்படைக்குரிய அப்படகின் நீளம் 17 மீட்டர். நகரப் பேருந்து ஒன்றைவிடச் சற்றே பெரிது. அதில் இருந்தவர்கள் இருவரே. ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா. மற்றவர் கேரளத்தவரான லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவில் பாய் விரித்த இவ்விருவரும் ஆஸ்திரேலியாவின் ஃபிரீமேண்டல், நியூசிலாந்தின் லிட்டில்டன், ஃபாக்லாந்துத் தீவுகளின் ஸ்டான்லி ஆகிய துறைகளில் தங்கி, தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையையும் சுற்றிக் கேப் டவுனை அடைந்திருந்தனர். எஞ்சியிருந்தது வீடு திரும்பும் கட்டம் ஒன்றே.

எங்கள் இல்லத்தில் இச்செய்தி வெறும் செய்தியாக இருக்கவில்லை. கடற்படைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று எங்கள் மகள் உறுதி கொண்டிருந்தாள். கூடாது என்று எங்கள் தாயார் அதனினும் உறுதியாக இருந்தார். கடல்வழிச் செலவு மகளிரோடு நிகழ்வதில்லை என்னும் கருத்துப்படத் தொல்காப்பியத்து அகத்திணையியலில் ஒரு நூற்பா உண்டு. அதற்கு உரையாசிரியர்கள் வெவ்வேறு பொருள் கூறுவர். எங்கள் தாயார் தொல்காப்பியம் பயின்றவர் அல்லர். ஆயினும் நூற்பாவை அவரே யாத்தது போன்ற உறுதியோடு பேசினார். கடலூரை அடுத்த கடற்கரைச் சிற்றூரில் பிறந்தவர் அவர். கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துக் கரையில் நிற்பது இன்னதென்று அறிந்தவர். அவருடைய மறுப்பை அறியாமை என்று தள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

மகள் சுவரில் உலகப் படம் ஒன்றை ஒட்டி, கேப் டவுனையும் கோவாவையும் அளவுகோல் வைத்து நேர்க்கோட்டால் இணைத்தாள். அதைக் கண்ட தாயார், “ஏண்டி, காத்து உன் ஸ்கேலைப் பார்த்தா வீசும்?” என்றார். அவர் கூற்றில் எத்துணை உண்மை என்பது நூல்களைப் புரட்டியபோதுதான் எங்களுக்கு விளங்கிற்று. ஆப்பிரிக்காவின் கீழைக்கரையை ஒட்டி அகுல்லாஸ் என்னும் பெரு நீரோட்டம் தென்மேற்காகப் பாய்கிறது. கரையோரமாக வடக்கே வர முயலும் படகை அது பின்னுக்குத் தள்ளும். எதிரே தென்மேற்குப் புயற்காற்றும் சேர்ந்துகொண்டால் அலைகள் சுவர்போல் செங்குத்தாக எழும். எனவே பாய்மரக் கலங்கள் வழக்கமாகச் செய்வது, வீட்டுக்கு முதுகு காட்டித் தெற்கே இறங்குவது. அங்கே மேலைக்காற்றைப் பற்றிக் கிழக்கே நெடுந்தொலைவு ஓடி, பின்னரே வடக்கு நோக்கித் திரும்பித் தென்கீழைக் காற்றில் ஏறி வருவார்கள். அதன்பின் நிலநடுக்கோட்டை அடுத்துக் காற்று அடங்கிக் கிடக்கும் வட்டாரம். அங்கே பாய்கள் தொங்கிப்போகும். பொறுமையன்றி வேறு துணை இல்லை.

சூயஸ் கால்வாய் வழியாக வரலாகாதா என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். பாய்மரத்தில் உலகை வலம்வந்ததாகக் கொள்வதற்குக் கால்வாய் எதனையும் கடத்தல் ஆகாது. நிலநடுக்கோட்டை இருமுறை கடத்தல் வேண்டும். 21,600 கடல் மைலுக்குக் குறையாமல் ஓடிப் புறப்பட்ட துறைக்கே மீளல் வேண்டும். இவர்கள் ஓடியதோ 25,000 கடல் மைலுக்கும் மேல்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஈஜிபுராவிலிருந்து கேந்திரிய சதன் வரை இரண்டரைக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கான பணி 2017இல் தொடங்கியது. தாரிணி கடற்படையில் சேர்க்கப்பட்டதும் அதே 2017இல்தான். முதலில் ஆறு பெண்களோடும், இம்முறை இருவரோடும் அப்படகு உலகை இருமுறை சுற்றி முடித்தபோதும் பாலத்தின் தூண்கள் பல வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றன. அவற்றின் கீழே நாள்தோறும் அலுவலகம் செல்லும் எங்களுக்கு இவ்வொப்பீடு தோன்றாமல் இருக்குமா!

மே மாதம் பிற்பகுதியில் எங்கள் தாயாரின் பேச்சு குறைந்தது. தென்மேற்குப் பருவமழை அவ்வாண்டு எட்டு நாள் முந்தி, மே 24ஆம் நாளே கேரளத்தில் தொடங்கிவிட்டது. மறுநாள் கொச்சிக்கு அப்பால் 184 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல் ஒன்று, அறுநூற்றுக்கு மேற்பட்ட சரக்குப் பெட்டகங்களோடு மூழ்கிற்று. அதிலிருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டனர். கப்பல் மூழ்கியதன் காரணம் வேறாக இருக்கலாம். எங்கள் தாயாருக்கு அந்த ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை. அத்தனை பெரிய கப்பல் போன அதே அரபிக்கடலில், அதில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத படகில் இரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தனர் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. கச்சான் காற்று படகைக் கரைநோக்கித் தள்ளும் என்றார். விரைவுக்கு அது நல்லது, கரை நெருங்கும்போது கெட்டது என்றார். மகள் அதைக் குறித்துக்கொண்டாள். பாட்டியும் பேத்தியும் ஒரே பக்கம் நின்று படம் பார்த்தது அன்றுதான்.

மே 29ஆம் நாள் தாரிணி மர்மகோவா துறைமுகத்தை அடைந்தது. பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் வரவேற்றார். பயணத்தில் மணிக்கு 93 கிலோமீட்டர் வேகக் காற்றையும் ஏழு மீட்டர் அலைகளையும் அவர்கள் எதிர்கொண்டது பற்றி நாங்கள் படித்துக் காட்டினோம். எங்கள் தாயார் அதற்கு வியந்ததாகத் தெரியவில்லை. இருவரே உள்ள படகில் ஒருவர் உறங்கினால் மற்றவர் விழித்திருந்தாக வேண்டும் என்று முன்பே மகள் அவருக்குச் சொல்லியிருந்தாள்.

“இன்னிக்கு ராத்திரியாச்சும் ரெண்டு பேரும் ஒண்ணா தூங்குவாளுங்களா?” என்று கேட்டார். பிறகு, விண்ணப்பம் எப்போது அனுப்ப வேண்டும் என்று மகளிடம் விசாரித்தார்.